கடைமடை நாற்றங்காலில் உப்பு: இலையின் செல் சவ்வைச் சோதித்து எடுத்த முடிவு

பின்னணி

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலுக்குப் பக்கமாக இருக்கும் ஒரு கடைமடைக் கிராமத்தில், ஒரு சம்பா பருவத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டது. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன். அந்தக் குடும்பத்துப் பையன் எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். விஷயம் அவன் மூலமாகத்தான் என்னிடம் வந்தது.

நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். கனத்த களிமண். அப்பா இறந்த பிறகு அம்மாதான் சாகுபடி பார்க்கிறார். கொழுந்தனார் கூடமாட உதவி. அந்த வருஷம் நீண்டகால ரகமான சி.ஆர். 1009 நெல்லை ஆவணித் தொடக்கத்தில் விதைத்தார்கள். ஏக்கருக்கு எட்டு சென்ட் என்ற வழக்கப்படி 24 சென்ட் நாற்றங்கால்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, அதன் கிளைகளையெல்லாம் தாண்டி இந்த ஊர் வாய்க்காலுக்கு வர நாள்கணக்கில் ஆகும். முறை வைத்து விடும் வருஷங்களில் கடைமடையின் பங்கு தள்ளிப்போவது வாடிக்கை. நாற்று விரல் உயரம் வந்த சமயத்தில் முறை முடிந்து வாய்க்கால் வற்றிவிட்டது. அடுத்த முறை எப்போது என்று வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கராலும் சொல்ல முடியவில்லை. வயலை ஒட்டி ஒரு பழைய போர் உண்டு. மாட்டுக்கும் துணி துவைக்கவும் மட்டும் அதில் தண்ணீர் எடுப்பார்கள். கொஞ்சம் கரிக்கும். "மாடு தெனம் குடிக்குது, நாத்துக்கு மட்டும் என்ன ஆவப்போவுது" என்று கொழுந்தனார் சொல்ல, மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். வேறு தண்ணீர் இல்லாத நேரத்தில் யாரும் எடுத்திருக்கக்கூடிய முடிவுதான் அது.

முதல் அறிகுறிகள்

ஒரு வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அடியிலைகளின் நுனி வெளுத்து, வைக்கோல் நிறமாகிக் கீழ்நோக்கிக் காய ஆரம்பித்தது. உரக்கடையில் கேட்டபோது துத்தநாகக் குறை என்றார்கள். சிங்க் சல்பேட்டும், நாற்று தேறட்டும் என்று யூரியாவும் வாங்கிப் போட்டார்கள். சிங்க் சல்பேட்டும் ஓர் உப்புதான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நாலைந்து நாளில் கருகல் இன்னும் பரவியது. பையன் ஒரு கைப்பிடி நாற்றை வேர் மண்ணோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றித் துறைக்குக் கொண்டுவந்தான். "சார், நாத்து வேவுதுன்னு அம்மா சொல்லுது. நோயான்னு பாருங்க சார்" என்றான்.

வயலில் பார்த்தது

அன்றைக்கு மாலையே வயலுக்குப் போனோம். கருகல் நாற்றங்கால் முழுக்க ஒரே சீராக இல்லை. மேட்டுத் திட்டுகளிலும் பாத்தியின் ஓரங்களிலும் அதிகம், பள்ளத்தில் குறைவு. வரப்பின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நோயாக இருந்தால் மேடு பள்ளம் பார்த்து இப்படிப் பிரியாது. மேட்டில் தண்ணீர் சீக்கிரம் சுண்டும், அடியிலிருந்து ஏறி வரும் ஈரமும் அங்கேதான் உப்பை விட்டுவிட்டு ஆவியாகும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காய்ந்ததெல்லாம் மூத்த இலைகள். நடுவில் வரும் குருத்து குட்டையாக, ஒடிசலாக இருந்ததே தவிர பச்சை மாறவில்லை. பின்னால் எடுத்த முடிவுக்கு இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

கையடக்க மீட்டரில் மின்கடத்துத்திறனை, அதாவது ஈ.சி.யைப் பார்த்தோம். போர்த் தண்ணீர் 5.8. நாற்றங்காலில் தேங்கி நின்ற தண்ணீர் 9-க்குப் பக்கம், வெயிலில் சுண்டிச் சுண்டி ஏறியிருந்தது. வாய்க்காலில் குட்டையாக நின்ற மிச்சத் தண்ணீர் 0.6. இந்த எண்கள் டெசிசீமன்ஸ்/மீட்டர் என்ற அலகில் வருபவை. தோராயமாக 1 என்பது ஒரு லிட்டரில் 640 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 3.7 கிராம். கடல் நீரின் ஈ.சி. 50 அளவில் இருக்கும். வேர் மண்டலத்தில் 3-ஐத் தாண்டினாலே நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். அதிலும் முளைத்து வந்த இளநாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவை.

உப்புதான் காரணம் என்பது இதோடு தெளிவாகிவிட்டது. ஆனால் குடும்பத்துக்கு வேண்டியது காரணம் மட்டும் அல்ல. நாற்றங்காலை அழித்துவிட்டு மறுபடி விதைப்பதா, இதையே காப்பாற்றுவதா? மறுவிதைப்பு என்றால் விதைச் செலவு, உழவுச் செலவு, அதோடு மூன்று வாரத் தாமதம். ஐப்பசி அடைமழைக்குள் நட்டு வேர் பிடிக்காவிட்டால் நடவே மூழ்கிவிடும். காப்பாற்றலாம் என்று நம்பிக் காத்திருந்து நாற்று செத்தால், இரண்டும் போய்விடும்.

நுண்ணோக்கியில் கிடைத்த பதில்

பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் படம் ஒன்று உண்டு. ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதா அடித்தோலை உரித்து 5 சதவீத உப்புக் கரைசலில் வைத்தால், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வூடு பரவலால் வெளியேறும். சவ்வு செல் சுவரை விட்டு விலகி உள்ளே சுருங்கும். இதைப் பிளாஸ்மா சிதைவு என்போம். இந்தப் படத்தை மனதில் வைத்து, "போர்த் தண்ணி செல்லிலேர்ந்து தண்ணிய உறிஞ்சிடுச்சு சார், அதான் காயுது" என்றான் பையன்.

அதையே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ரியோ உரிவை வாய்க்கால் தண்ணீரிலும், போர்த் தண்ணீரிலும், நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரிலும் வைத்துப் பார்த்தான். மூன்றிலுமே செல்கள் நிறைந்துதான் இருந்தன. 5 சதவீதக் கரைசலில் வைத்ததும் சில நிமிடங்களில் சுருங்கின, நல்ல தண்ணீரில் மாற்றியதும் திரும்ப விரிந்தன.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஈ.சி.யை 0.36-ஆல் பெருக்கினால் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ பார் என்ற அழுத்த அலகில் கிடைக்கும். தேங்கிய தண்ணீரின் 9-க்கு அது மூன்று பார் சொச்சம். இலைச் செல்லின் சாற்றுக்குச் சாதாரணமாக அதைவிட அதிகம் உண்டு. 5 சதவீதக் கரைசலுக்கோ 35 பாருக்கு மேல். ஆகவே இந்தத் தண்ணீர் செல்லை உறிஞ்சிச் சுருக்கும் அளவுக்கு உப்பானதல்ல. வேர் தண்ணீர் எடுப்பது கடினமாகும், குருத்தின் வளர்ச்சி மட்டுப்படும், அவ்வளவுதான். இலை கருகியதற்கு வேறு வழியைத் தேட வேண்டியிருந்தது.

உப்பு உள்ளே போகும் வழி

செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்புப் படலம். பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் தண்ணீரை விரும்பும் தலையை வெளியிலும் வெறுக்கும் வாலை உள்ளேயும் வைத்து அடுக்கியிருக்கும். மின்னேற்றம் உள்ள அயனி எதுவும் இந்தக் கொழுப்பைத் தானாகக் கடக்க முடியாது. கடப்பதெல்லாம் படலத்தில் பதிந்திருக்கும் புரத வழிகளில்தான். தண்ணீருக்கு அக்குவாபோரின் என்ற தனி வழி உண்டு, பொட்டாசியத்துக்குத் தனி வழி உண்டு. முன்னதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவும், பின்னதன் கட்டமைப்பை வெளிக்கொண்டுவந்த ராடரிக் மெக்கின்னனும் 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பொட்டாசிய வழி அளவில் சிறிய சோடியத்தைக்கூட ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் அளவுக்குத் தேர்ந்தது.

சிக்கல் மற்ற வழிகளில் இருக்கிறது. நேர்மின் அயனிகளைப் பெரிதாகப் பிரித்துப் பார்க்காமல் விடும் புரத வழிகளும் வேர்ச் சவ்வில் உண்டு. செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின் பக்கம் இருப்பதால், வெளியே சோடியம் மிகுந்தால் அது உள்ளே இழுக்கப்படும். நெல்லுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வேரின் அகத்தோலில் காஸ்பேரியன் பட்டை என்ற அடைப்பு இருக்கிறது. செல் சுவர்களின் ஊடாக வரும் தண்ணீரை அங்கே நிறுத்தி, சவ்வு வழியாகச் சோதனைக்கு உட்படுத்துவது அதன் வேலை. நெல் வேரில் இந்த அடைப்பு அங்கங்கே ஒழுகும். சவ்வைத் தொடாமலேயே கொஞ்சம் உப்புத் தண்ணீர் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாயான சைலத்துக்கு நேராகப் போய், அங்கிருந்து இலைக்கு ஏறிவிடும்.

இலையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். செல் முதலில் சமாளிக்கும். செல்லின் நடுவில் உள்ள வாக்குவோல் என்ற பை, சவ்வில் உள்ள புரதங்கள் மூலம் சோடியத்தை உள்ளே தள்ளி அடைத்து வைக்கும். அந்தப் பைக்கு வெளியே உள்ள செல் கூழான சைட்டோபிளாசத்தில் நொதிகள் வேலை செய்யப் பொட்டாசியம் வேண்டும், அந்த இடத்தைச் சோடியம் பிடித்துவிடக் கூடாது. வாக்குவோல் நிறைந்த பிறகு மிச்சம் சைட்டோபிளாசத்திலும் செல் சுவரிலும் சேரும். நொதிகள் முடங்கும், சவ்வே சிதையும், உள்ளிருப்பது வெளியே ஒழுகும். மூத்த இலைதான் அதிக நாள் தண்ணீரை ஆவியாக்கியது, ஆகவே அதில்தான் முதலில் நிறைகிறது. அடியிலை காய்ந்து குருத்து பச்சையாக இருந்ததற்கு விளக்கம் இதுதான். ஒரு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்ததற்கும் இதுதான்.

மாடு குடிக்கிறதே என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு. விலங்குச் செல் ஒவ்வொன்றின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப் இருக்கிறது. 1957-இல் யென்ஸ் ஸ்கோ கண்டுபிடித்தது. உடம்பில் மிஞ்சிய உப்பைச் சிறுநீரகம் கழித்துவிடும். நெல்லுக்கு அந்தப் பம்பும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மாடு குடிக்கிறத வச்சு தண்ணியப் பாக்கக் கூடாதுங்கிறீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒழுகலை அளந்தது

குருத்தின் சவ்வு உண்மையில் முழுசாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வெளியே பச்சையாக இருப்பதை மட்டும் நம்பி மூன்று ஏக்கர் சம்பாவை வைத்துப் பார்க்க முடியாது. இதற்கு ஆய்வகங்களில் நெடுநாளாக உள்ள எளிய முறை ஒன்றைப் பயன்படுத்தினோம். இலையைச் சம துண்டுகளாக வெட்டி, மேலே ஒட்டிய உப்பு போக வாலைவடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த உப்பில்லாத நீரில், நன்றாக அலசி, புதிய வாலைவடிநீரில் இரவு முழுக்க ஊறவைப்பது. சவ்வு பழுதாகியிருந்தால் அயனிகள் வெளியே வந்து தண்ணீரின் ஈ.சி. ஏறும். அதைக் குறித்துக்கொண்டு, அதே குழாயைக் கொதிநீரில் வைத்து எல்லாச் சவ்வுகளையும் அழித்துவிட்டு, ஆறியதும் மறுபடி அளக்க வேண்டும். முதல் எண் இரண்டாவதில் எத்தனை பங்கு என்பதுதான் ஒழுகலின் அளவு.

ஒப்பிட, ஆற்றுத் தண்ணீர் மட்டுமே பாய்ந்த பக்கத்து ஊர் நாற்றங்காலில் இருந்து இலை எடுத்தோம். அதில் ஒழுகல் ஏழில் ஒரு பங்கு. இங்கே கருகத் தொடங்கிய மூத்த இலையில் பாதிக்கு மேல். குருத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மேட்டுத் திட்டில் இருந்து எடுத்த குருத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. மூத்த இலையின் எண்ணில் செல் சுவரில் படிந்த உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். எனவே இவற்றைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ளாமல், ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த அளவில் செய்தி தெளிவு: மூத்த இலை போனது போனதுதான், பள்ளத்து நாற்றின் குருத்து பிழைக்கும், மேட்டுத் திட்டு சந்தேகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உதவி வேளாண் அலுவலரையும் அழைத்து வரப்பில் உட்கார்ந்து பேசினோம். கொழுந்தனார், அழித்துவிட்டு வேறு ரகம் விதைக்கலாம் என்ற பக்கம். அந்த அம்மா வேறு மாதிரி நினைத்தார். 2004 சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய வயல்களை அடுத்தடுத்த மழை கழுவியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். "உப்ப வெளியேத்த முடியும்னா ஏன் அழிக்கணும்" என்றார். சோதனை எண்களைப் பார்த்த பிறகு, காப்பாற்றுவது, ஆனால் மாற்று ஏற்பாட்டோடு காப்பாற்றுவது என்று முடிவானது.

போர் மோட்டாரும் யூரியாவும் அன்றே நின்றன. ஊராட்சிக் குளத்துத் தண்ணீரின் ஈ.சி. 0.9 இருந்தது. அனுமதி வாங்கி, டீசல் இன்ஜின் வைத்து ஓஸ் போட்டு நாற்றங்காலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய தண்ணீரை வடிகாலில் முழுக்க வடித்துவிட்டு, குளத்துத் தண்ணீரை நிறைத்து ஒரு நாள் நிறுத்தி, மறுபடி வடித்தார்கள். தேங்கும் தண்ணீரின் ஈ.சி. 2-க்குக் கீழே வரும்வரை இது தொடர்ந்தது.

ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், போடலாமா என்பதில்தான் பேச்சு நீண்டது. ஜிப்சமும் உப்புதானே என்று கொழுந்தனார் கேட்டது நியாயமான கேள்வி. லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குள்தான் அது கரையும். முழுக்கக் கரைந்தாலும் ஈ.சி. 2-ஐச் சற்றே தாண்டும். பதிலுக்குக் கிடைக்கும் கால்சியம் இரண்டு வேலை செய்கிறது. களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவித்துத் தண்ணீரோடு போகச் செய்கிறது. அதைவிட இங்கே முக்கியம், வேரின் சவ்வில் கொழுப்புத் தலைகளையும் செல் சுவரில் பசைபோல இருக்கும் பெக்டினையும் இணைத்து நிறுத்துகிறது, சோடியம் நுழையும் அந்தத் தளர்ந்த வழிகளையும் மட்டுப்படுத்துகிறது. முதல் வடிப்புக்குப் பிறகு 24 சென்ட்டுக்கு ஒரு 50 கிலோ மூட்டை தூவுவது என்று அலுவலர் ஒப்புக்கொண்டார். பொட்டாஷை இலையில் தெளிக்கலாம் என்று பையன் கேட்டான். ஒழுகிக்கொண்டிருக்கும் இலைமேல் இன்னொரு உப்பைத் தெளிப்பதை நான் வேண்டாம் என்றேன்.

மாற்று ஏற்பாடாக, ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் உறவினர் வயலில் எட்டு சென்ட் அளவுக்கு, களர் உவர் நிலத்துக்கு ஏற்ற திருச்சி 3 ரகத்தை விதைத்து வைத்தார்கள். மேட்டுத் திட்டு நாற்று பிழைக்காவிட்டால் ஒரு ஏக்கருக்கு அது போதும்.

கடைசி முடிவு நடவைப் பற்றியது. நாற்றைப் பறிக்கும்போது வேர் அறுபடும். அறுந்த முனைகளில் காஸ்பேரியன் அடைப்பும் இல்லை, சவ்வின் தடையும் இல்லை, உப்பு நேராக ஏறும். ஆகவே நடவு வயலில் ஆற்றுத் தண்ணீர் ஏறி, சேறடித்து, ஒருமுறை வடித்த பிறகுதான் பறிப்பது என்று வைத்துக்கொண்டோம். நாற்றுக்கு வயது கூடினாலும் பரவாயில்லை. குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாக வைத்து அதை ஈடுகட்டலாம்.

தொடர்ந்து நடந்தது

கருகிய இலைகள் எதுவும் மீளவில்லை, முழுசாகக் காய்ந்து உதிர்ந்தன. இது எதிர்பார்த்ததே என்றாலும், அந்த நாட்களில் நாற்றங்கால் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. கொழுந்தனார் பொறுமை இழந்ததில் தப்பில்லை. தண்ணீர் மாற்றிய இரண்டாம் வாரத்தில் பள்ளத்து நாற்றில் அகலமான புது இலை விரிந்தது. அதில் ஒழுகலை அளந்தபோது, பக்கத்து ஊர் நாற்றுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். மேட்டுத் திட்டில் இருந்தவை பெரும்பாலும் செத்தன. மொத்த நாற்றங்காலில் கால்பங்குக்கு மேல் போனது.

புரட்டாசிக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மீண்ட நாற்றை இரண்டு ஏக்கரிலும், பின்னர் திருச்சி 3-ஐ ஒரு ஏக்கரிலும் நட்டார்கள். ஐப்பசி மழை சரியாகப் பெய்தது. வயலில் மிச்சம் இருந்த உப்பைக் கழுவியதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு, எங்கள் ஏற்பாட்டுக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. சி.ஆர். 1009 நட்ட இரண்டு ஏக்கரில், வழக்கமாகக் கிடைப்பதைவிட ஏக்கருக்கு நாலு மூட்டை குறைவு. தூர் கட்டுவது பல இடங்களில் மெலிந்திருந்தது. மண் பரிசோதனை அறிக்கை நடவு முடிந்த பிறகுதான் கையில் கிடைத்தது. பி.எச். 8.4, ஈ.சி.யும் கூடுதல். ஜிப்சம் போட்டது சரியான திசைதான் என்று அதில் தெரிந்தது. ஆனால் நடவு வயல் முழுக்கப் போட்டிருக்க வேண்டியதை, நாற்றங்காலுக்கு மட்டும் போட்டிருந்தோம்.

இனி மாறுவது

அந்தக் குடும்பம் அறுவடைக்குப் பிறகு மண் அறிக்கைப்படி வயலுக்கு ஜிப்சம் இட்டு, கோடை மழையில் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதது. நாற்றங்காலைக் குளத்துக்கு அருகே மாற்றிவிட்டார்கள். மேடு பள்ளம் இல்லாமல் மட்டம் பார்த்துத்தான் இனி விதைப்பு. மேட்டுத் திட்டில்தான் இழப்பு அத்தனையும் என்பதால், செலவில்லாத இந்த ஒரு வேலைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

போர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் மாட்டை வைத்துப் பார்ப்பதும் போதாது. ஈ.சி. மீட்டர் ஒரு மூட்டை உரத்தின் விலைக்குக் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். பருவத்துக்கு ஒருமுறை அளப்பதும் போதாது, இந்தப் பகுதியில் கோடையில் உப்பனாற்று வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போது போர்களின் உப்பும் மாறுகிறது. நுனி கருகினால் உரக்கடைக்குப் போகும் முன், எந்த இலை காய்கிறது, மேட்டிலா பள்ளத்திலா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் துறையில் செல் சவ்வுச் செய்முறையில் ரியோ உரிவோடு இலை ஒழுகல் சோதனையையும் சேர்த்திருக்கிறோம். மாணவர்கள் அவரவர் ஊர்ப் போர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து அதில் நாற்று வளர்த்து அளக்கிறார்கள். 2-க்கும் 3-க்கும் இடையில் ஈ.சி. உள்ள தண்ணீரில் வளர்ந்த நாற்று வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. அதன் மூத்த இலையில் ஒழுகல் எந்த நாளிலிருந்து கூடுகிறது என்பதைத்தான் இப்போது ரகவாரியாகக் குறித்து வருகிறோம்.